‘அசிட் இல்லை’ என்று லேசர் ஃபில்லிங் விற்கும் சக பல் வைத்தியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் தனியார் பல் சிகிச்சை நிலையங்களை நடத்தும் வைத்தியர்களுக்கும், அந்த நிலையங்களுக்கு முதல் போட்டு நிர்வகிப்பவர்களுக்கும்,

லேசர் மெசின் வாங்கிய சில நிலையங்களில் ஒரு புதிய நடைமுறை வந்திருக்கிறது. சூத்தையை லேசரால் எடுத்த பிறகு, ஃபில்லிங் ஒட்டுவதற்காகப் பல்லில் அசிட் பூசும் படியை விட்டுவிடுகிறீர்கள். லேசர் பட்ட பரப்பு கரடுமுரடாகத்தானே இருக்கிறது, பசை தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று நேரே அடைத்துவிடுகிறீர்கள். உங்கள் அறைக்குள் மட்டும் நடக்கிற விஷயமாக இது இருந்திருந்தால் தெரிந்தவர்களிடம் தனியாகப் பேசியிருப்பேன். இப்போது அது விளம்பரமாகிவிட்டது. ‘ஊசி இல்லை, மெசின் சத்தம் இல்லை, அசிட் இல்லை’ என்று தமிழிலும் போட்டு, சாதாரண ஃபில்லிங்கைவிட மூன்று மடங்குக்கும் மேல் காசு வாங்குகிறீர்கள். முதல் இரண்டு ‘இல்லை’களைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது. ஆனால் என்னை எழுத வைத்தது மூன்றாவதுதான்.

நான் பேராதனையில் இலவசக் கல்வியில் பல் வைத்தியம் படித்தவள். அரச வைத்தியசாலைகளில் வேலை செய்துவிட்டு, இப்போது வெள்ளவத்தையில் ஒரு சிறிய நிலையத்தில் நோயாளிகளைப் பார்க்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் தமிழ் பேசுகிறவர்கள். உங்களிடம் லேசர் செய்துகொண்டவர்களும் கழன்ற ஃபில்லிங்கோடு என்னிடம் வருகிறார்கள். ஏன் செய்த இடத்துக்கே போகவில்லை என்று கேட்டால் தயங்குகிறார்கள். உங்கள் பல்லின் தன்மை அப்படி, நீங்கள் இறுக்கிக் கடித்திருப்பீர்கள் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. பிழை தங்களுடையது என்று நம்பிக்கொண்டு, மறுபடியும் காசு கட்டத் தயாராக வந்து உட்காருகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையில் இருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கீழ் வரிசையில் வேட்டைப் பல்லும் அதற்கு அடுத்த பல்லும் முரசோரம் தேய்ந்து, குளிர் தண்ணீர் பட்டால் கூசும். பல காலம் அழுத்தித் தேய்த்துப் பல் துலக்கியவர்களிடம் நாம் தினமும் பார்க்கிற தேய்வுதான். இந்த இடத்தில் அடைக்கிற ஃபில்லிங்குக்கு உட்கார்ந்துகொள்ளக் குழி கிடையாது. பிடிமானம் முழுக்க முழுக்க ஒட்டுதலில்தான் இருக்கிறது. ஒட்டாவிட்டால் விழும்.

விழுந்ததை அவர் மருந்துக் கடைக் கடதாசி உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பெருப்பித்துக் காட்டும் லூப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒழுங்காக ஒட்டிய ஃபில்லிங் உடைந்தால் துண்டாகத்தான் உடையும், பல்லில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். இது சட்டைப் பொத்தான் கழன்றது போல முழுசாக வந்திருந்தது. உட்பக்கம் பளபளவென்று இருந்தது. பல்லிலும் பசையின் சுவடே இல்லை. பல்லின் கடினமான வெளி அடுக்கான எனாமல் பக்கத்து ஓரம் நெடுகப் பழுப்பாக ஒரு கோடு. விழுவதற்கு முன்பே அந்த ஓரத்தால் எச்சிலும் தேத்தண்ணியும் உள்ளே போய்வந்திருக்கிறது என்று அர்த்தம்.

“அசிட் போட்டால் பல்லுப் பழுதாப் போகுமாம் டொக்டர். லேசரில அது இல்லையாம். அதுதான் காசு கூட எண்டாலும் பரவாயில்லை எண்டு செய்தனான்” என்றார்.

“ரீச்சர், அசிட் பல்லைப் பழுதாக்கும் எண்டு ஆர் சொன்னது?” என்று கேட்டேன். அங்கே கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் இருந்ததாம். அதை எடுத்தும் காட்டினார். இருந்தது.

சக வைத்தியர்களே, அந்த வரியை எழுதியவருக்கு அது பொய் என்று தெரிந்திருக்கும். நாம் எல்லோரும் முதலில் படித்த பாடங்களில் ஒன்று அது. இந்த மடலை நோயாளிகளும் வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1955 இல் அமெரிக்காவின் றொச்செஸ்டரில் மைக்கேல் புவோனோகோர் என்பவர் ஒரு சின்னச் சோதனையை வெளியிட்டார். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று தொழிற்சாலைகளில் அதைப் பொஸ்போரிக் அமிலத்தால் தயார்செய்வார்கள். அதையே அவர் பல்லில் செய்து பார்த்தார். 85 சதவீத அமிலத்தை எனாமலில் 30 செக்கன் வைத்துக் கழுவி, அதன்மேல் அக்ரிலிக் பிசினை வைத்தார். அமிலம் படாத பல்லில் சீக்கிரமே கழன்று போன பிசின், அமிலம் பட்ட பல்லில் பல நாள் நின்றது. இன்று நாம் செய்கிற ஒட்டு ஃபில்லிங், வெனியர், பல் கிளிப்பின் பிராக்கெட், குழந்தைகளின் கடைவாய்ப் பல்லுக்குப் போடும் சீலன்ட் எல்லாம் அந்தச் சோதனையின் வழியில் வந்தவைதான். இப்போது பாவிப்பது 37 சதவீதம் அளவு. வைத்திருப்பது 15 முதல் 30 செக்கன். எனாமலின் எடையில் 96 சதவீதமளவு கனிப்பொருள். அமிலம் அதில் சில மைக்கிரோமீற்றர் ஆழத்துக்கு நுண்துளைகளைத் திறக்கிறது. காற்று அடித்து உலர்த்தினால் அந்த இடம் மட்டும் மங்கிய வெண்மையாகத் தெரியும். பசை அந்தத் துளைகளுக்குள் இறங்கி, நீல விளக்கில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. பல் பழுதாகிற பேச்சுக்கே இதில் இடமில்லை.

எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினின் கதை கொஞ்சம் சிக்கலானது. அதில் கனிப்பொருள் 70 சதவீதமளவுதான், மிச்சம் கொலாஜன் நார்களும் நீரும். துளைக்கும் மெசினால் குடையும்போது மேலே ஒரு துகள் படலம் அப்பிக்கொள்ளும். அமிலம் அந்தப் படலத்தை எடுத்து, கொஞ்சம் கனிப்பொருளையும் கரைத்து, கொலாஜன் நார்களை ஒரு வலையாக விட்டுவைக்கிறது. பசை அந்த வலைக்குள் ஊறி இறுகினால் பல்லும் பிசினும் கலந்த ஒரு மெல்லிய அடுக்கு உருவாகும். 1982 இல் ஜப்பானில் நகபயாஷி குழுவினர் காட்டிய அடுக்கு இதுதான். டென்டினில் ஒட்டுதல் நிலைப்பதற்கு அந்தக் கொலாஜன் வலை திறந்தபடி இருக்க வேண்டும்.

இனி லேசருக்கு வருகிறேன். பல்லைக் குடையப் பாவிப்பது பெரும்பாலும் எர்பியம் லேசர். எர்பியம் யாக் என்றால் அலைநீளம் 2940 நனோமீற்றர், எர்பியம் குரோமியம் வகை என்றால் 2780. 3000 நனோமீற்றரை ஒட்டிய ஒளியை நீர் பிரமாதமாக உறிஞ்சும். பல்லுக்குள் கட்டுண்டிருக்கும் நீர் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் ஆவியாகி வெடிக்க, சுற்றியுள்ள கனிப்பொருள் துணுக்குகளாகத் தெறிக்கிறது. நோயாளிக்குக் கேட்கும் ‘டக் டக்’ சத்தம் அதுதான். 1964 இல் ரூபி லேசரைப் பல்லில் பரிசோதித்தவர்களுக்கு வெப்பமே பெரிய தடையாக இருந்தது. 1980களின் இறுதியில் ஜேர்மனியில் எர்பியம் யாக்கைப் பல்லில் பரிசோதித்த பிறகுதான் நீர்த் தெளிப்போடு பாதுகாப்பாகக் குடையலாம் என்று தெரிந்தது. 1997 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ பற்குழி தயார்செய்ய அதை அனுமதித்தது. அருமையான கண்டுபிடிப்பு. இதில் எனக்கு உங்களோடு சண்டையே இல்லை.

லேசர் பட்ட டென்டினை நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணைக் கவரும். துகள் படலம் இல்லை, நுண்குழாய்கள் எல்லாம் வாய் திறந்து நிற்கும், பரப்பு செதில் செதிலாக இருக்கும். வாரஇறுதி லேசர் வகுப்புகளில் திரும்பத் திரும்பக் காட்டுகிற படம் அதுதான். பார்த்தவுடன் அசிட் பூசிய பரப்பைவிட இது மேல் என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்தப் படத்துக்கு ஒரு சில மைக்கிரோமீற்றர் கீழே என்ன இருக்கிறது என்பதை வகுப்பில் காட்டுவதில்லை. வெப்பம் பட்ட அந்த மெல்லிய அடுக்கில் கொலாஜன் நார்கள் சிதைந்து, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்திருக்கும். நார்களுக்கு இடையே இடைவெளி இல்லாவிட்டால் பசை எங்கே ஊறும்? எனாமலிலும் கரடுமுரடான பரப்புக்கு அடியில் நுண்வெடிப்புகள் இருக்கும். அந்த வெடிப்புள்ள அடுக்கோடு பசை ஒட்டினால், இழுவை வரும்போது அடுக்கே பிய்ந்துகொண்டு வரும். பரப்பு கரடுமுரடாக இருப்பது வேறு, ஒட்டத் தயாராக இருப்பது வேறு. லேசர் பட்ட பரப்பிலும் அசிட் பூசிக் கழுவினால் இந்தச் சேதமடைந்த அடுக்கில் ஒரு பகுதி போய்விடும், எனாமலில் நுண்துளைகள் சீராகத் திறக்கும். கடைசிச் சுற்றைக் குறைந்த சக்தியில் ஓட்டினால் சேதமும் குறையும். லேசரை நன்றாகக் கையாளத் தெரிந்தவர்கள் இரண்டையும் செய்கிறார்கள். நீங்கள் விட்டுவிடுவதும் இந்த இரண்டையும்தான்.

லேசரும் அசிட்டும் சமம் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டே என்பீர்கள். உண்டு. குறைவு என்று சொல்பவையும் நிறைய உண்டு. சக்தி, துடிப்பின் நீளம், நுனிக்கும் பல்லுக்கும் இடையிலான தூரம், நீரின் அளவு, பாவித்த பசை என்று ஒவ்வொன்றும் மாற முடிவும் மாறுகிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பிடுங்கிய பல்லைத் தட்டையாக வெட்டி, லேசர் நுனியை ஒரு தாங்கியில் பூட்டி, ஒரே தூரத்தில் வைத்துச் செய்தவை. பெரும்பாலும் 24 மணித்தியாலத்தில் இழுத்துப் பார்த்துவிடுவார்கள். நம் கதிரையில் அப்படியா இருக்கிறது? நாக்கு அசைகிறது, எச்சில் ஊறுகிறது, நோயாளி விழுங்க எத்தனிக்கிறார், நம் கை ஒரு மில்லிமீற்றர் விலகினால் பல்லில் விழும் சக்தி மாறுகிறது. ஆய்வுகூடத்தில் சரியாக வந்த ஒரு அமைப்பை நம்பி, எழுபது வருடமாக வாய்க்குள் சோதிக்கப்பட்டு வந்த ஒரு படியைத் தூக்கி எறிவது நியாயமாகுமா?

மனிதர்களின் வாயில் செய்த ஆய்வுகளைத் திரட்டி, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு செய்த மீளாய்வு 2016 இல் வந்தது. 9 பரிசோதனைகள், 662 பேர். லேசரால் சூத்தை எடுக்கும்போது வலி குறைவு, விறைப்பூசி போட வேண்டிய தேவையும் குறைவு என்று அதில் ஓரளவு தெரிகிறது. ஃபில்லிங் எவ்வளவு காலம் நிற்கிறது என்பதில் துளைக்கும் மெசினைவிட லேசர் மேல் என்று காட்ட ஆதாரம் கிடைக்கவில்லை. இருக்கிற சான்றின் தரமே குறைவு என்றும் அவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் உங்கள் விளம்பரத்தின் முதல் இரண்டு வாக்குறுதிகளில் பாதி உண்மை இருக்கிறது. மெசின் சத்தத்துக்குப் பயந்து வாயைத் திறக்காத பிள்ளைக்கு லேசர் பெரிய உதவி, அதை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘நீண்ட காலம் உழைக்கும்’ என்று போடுகிறீர்களே, அதற்கு எங்கே ஆதாரம்?

‘அசிட் இல்லை’ என்பதில் இன்னொரு உண்மையும் மறைக்கப்படுகிறது. நீங்கள் அதற்குப் பிறகு பூசுகிற பசைப் போத்தலுக்குள்ளேயே அமிலத் தன்மையுள்ள பொருள் இருக்கிறது. தனியாக அசிட் பூசாமல் பாவிக்கும் வகைப் பசைகள் வேலை செய்வதே அதனால்தான். அவற்றிலும் மென்மையான வகைகளுக்கு, எனாமல் ஓரத்தில் மட்டுமாவது தனியாக அசிட் பூசுங்கள் என்பதே பொதுவான அறிவுரை. ஆகவே அசிட் இல்லாத ஒட்டு ஃபில்லிங் என்று ஒன்றை நீங்கள் செய்யவே இல்லை. செய்யாத ஒன்றுக்குக் காசு வாங்குகிறீர்கள்.

அப்புறம், ‘லேசர் ஃபில்லிங்’ என்று கொழும்பில் விற்கப்படுவது எல்லாம் எர்பியம் லேசரும் இல்லை. என்னிடம் வந்தவர்களிடம் விசாரித்துப் பார்த்தால் சிலருக்கு நடந்தது வழமையான மெசின் வேலைதான். கடைசியில் பிடித்த நீல விளக்கைத்தான் லேசர் என்று சொல்லியிருக்கிறார்கள். அது 470 நனோமீற்றரை ஒட்டிய சாதாரண எல்ஈடி வெளிச்சம், எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது, அரச வைத்தியசாலையிலும் இருக்கிறது. இன்னும் சிலருக்குப் பாவித்தது டயோட் லேசர், 810 முதல் 980 நனோமீற்றர் வரையான வகை. முரசை வெட்டவும் இரத்தத்தை நிறுத்தவும் அது நல்ல கருவி. எனாமலை அது குடையாது, ஒட்டுவதற்குத் தயார்செய்யவும் செய்யாது. உள்ளே வெப்பத்தைத்தான் அனுப்பும். 1965 இல் சாக், கோஹன் என்ற இருவர் குரங்குகளின் பற்களில் செய்து காட்டியதை நாம் எல்லோரும் பரீட்சைக்குப் பாடமாக்கினோம். பல்லின் உட்சதை 5.5 பாகை செல்சியஸ் சூடேறினாலே 15 சதவீதப் பற்களில் அது செத்துப்போகிறது. அப்படியிருக்க, இந்த மூன்றையும் ஒரே பெயரில் ஒரே விலைக்கு விற்பதை வேறு எந்தத் தொழிலில் செய்தாலும் மோசடி என்றுதான் சொல்வார்கள்.

கண் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த லேசர் மெசின்கள் நாலாம் வகுப்பு, அதாவது ஆபத்து கூடிய வகை லேசர்கள். எர்பியம் ஒளி விழியின் முன்படலத்தைச் சுடும், டயோட் ஒளி விழித்திரை வரை போகும். ஒன்றுக்கான கண்ணாடி மற்றதற்கு உதவாது. என்னிடம் வந்த ஒரு தாய், பிள்ளையின் கையைப் பிடித்தபடி கதிரைக்குப் பக்கத்திலேயே நின்றதாகச் சொன்னார். பிள்ளைக்குக் கண்ணாடி போட்டார்களாம், அவருக்கு இல்லையாம். அந்த அறையில் நாள் முழுக்க நிற்கும் உதவியாளர் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் கவலை. பெரும்பாலும் ஏஎல் முடித்துவிட்டு வேலைக்கு வந்த பெண்கள், கேள்வி கேட்கிற இடத்தில் அவர்கள் இல்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டபோது நம் எல்லோருக்கும் மூச்சு முட்டியது. பல் நிற ஃபில்லிங் பொருளான கொம்பொசிட், பசை, கையுறை என்று எல்லாமே இறக்குமதி. அதற்குப் பிறகு லீசிங்கில் லேசர் மெசின் எடுத்தவர்களுக்கு மாதம் முடிந்தால் கட்ட வேண்டிய காசு இருக்கிறது. மெசின் சும்மா நிற்கக்கூடாது. ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். லேசர் வேலை துளைக்கும் மெசின் வேலையைவிட மெதுவானது. அந்த நேரத்தை எங்கேயாவது மிச்சம் பிடிக்க வேண்டும், அசிட் பூசிக் கழுவி உலர்த்தும் ஒன்றிரண்டு நிமிடத்தைப் பிடிக்கிறார்கள், எச்சில் படாமல் பல்லை மறைக்கும் ரப்பர் டாம் போடும் நேரத்தையும் பிடிக்கிறார்கள். நிர்வாகிகளே, இந்தக் கணக்கை நீங்கள்தான் போடுகிறீர்கள். கதிரைக்குப் பக்கத்தில் நிற்கும் இளம் வைத்தியர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். ‘இங்கே எங்கள் முறை இதுதான்’ என்று நீங்கள் சொன்னால் அவர் என்ன செய்வார்? உங்களிடம் வேலை செய்துவிட்டு விலகி வந்த இருவர் இதை என்னிடம் நேரே சொன்னார்கள். ரீச்சரின் பல்லைக் கெடுத்ததில் அவர்களைவிட உங்களுக்குத்தான் பங்கு அதிகம்.

சம்மதப் படிவம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரீச்சர் கையெழுத்திட்ட படிவம் இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். அவர் வாழ்நாள் முழுக்கத் தமிழில் படிப்பித்தவர். ‘இதில் சைன் பண்ணுங்கோ’ என்று இடத்தைக் காட்டினார்களாம். அந்தப் படிவத்தில் ஃபில்லிங் கழன்றால் நிலையம் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருந்தது. விளம்பரம் தமிழில் இருக்கிறது. காசு பறிக்கிற வாக்கியத்தை எங்கள் மொழியில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, பொறுப்பைக் கைகழுவுகிற வாக்கியத்தை மட்டும் எழுதத் தெரியவில்லையா? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிலையம் வைத்துக்கொண்டு தமிழில் ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இது லேசர் செய்துகொள்ள வசதியுள்ள சிலரின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். பாதரசம் கலந்த அமல்கம் ஃபில்லிங் உலகம் முழுக்கப் பாவனையில் இருந்து விலகிக்கொண்டிருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அதைத் தவிர்க்கும் திருத்தம் 2022 இல் வந்துவிட்டது. அமல்கம் ஒட்டுவதில்லை, குழியின் வடிவத்தால் நிற்கும், வைத்தியர் கொஞ்சம் அவசரப்பட்டாலும் பத்து வருடம் தாங்கும். அதற்குப் பதிலாக வருகிற எல்லாமே பெரும்பாலும் ஒட்டுதலை நம்பியவை. இனி இந்த நாட்டில் ஒரு பிள்ளையின் பல் நிற்பதும் விழுவதும் அந்தச் சில செக்கன் வேலையை நாம் ஒழுங்காகச் செய்வதில் இருக்கிறது. இந்த நேரம் பார்த்து ‘அசிட் கெட்டது’ என்று மக்களுக்குப் படிப்பித்தால், நாளைக்கு அரச கிளினிக்கில் அசிட் பூச வரும் வைத்தியரின் கையை அதே தாய் தடுப்பாள். எனக்கு ஏற்கெனவே அது நடக்கிறது. சீலன்ட் போட வந்த பிள்ளையின் தகப்பன், “அசிட் இல்லாத முறையில செய்யுங்கோ, இல்லாட்டி வேண்டாம்” என்று எழும்பிப் போனார்.

இனி நான் கேட்பவை.

லேசரால் தயார்செய்த ஒவ்வொரு பல்லிலும், ஒட்டுவதற்கு முன் அசிட் பூசும் படியை உடனே திரும்பக் கொண்டுவாருங்கள். எனாமல் ஓரத்தில் எந்த விலக்கும் வேண்டாம். டென்டினில் கடைசிச் சுற்றைக் குறைந்த சக்தியில், போதிய நீரோடு ஓட்டுங்கள். உங்கள் மெசினுக்கும் நீங்கள் பாவிக்கும் பசைக்கும் தயாரிப்பாளர்கள் எழுதிக்கொடுத்திருக்கும் வழிமுறையை ஒருமுறை முழுசாக வாசியுங்கள். நிர்வாகிகள் இதை ஒரு எழுத்து மூல அறிவித்தலாகத் தங்கள் வைத்தியர்களுக்குக் கொடுக்க வேண்டும், ரப்பர் டாமுக்கும் அசிட்டுக்கும் தேவையான நேரத்தையும் சேர்த்து.

‘அசிட் இல்லை’, ‘அசிட் பல்லைப் பழுதாக்கும்’ என்ற வரிகளைப் பதாகை, பிரசுரம், முகநூல் எல்லாவற்றிலும் இருந்து எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது. நம்பிவிட்டவர்களுக்காக, அது சரியான தகவல் இல்லை என்று தமிழிலும் சிங்களத்திலும் அதே இடத்தில் போடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏமாற்றும் வியாபார நடத்தையைத் தடுக்கிறது என்பதையும் நினைவுபடுத்துகிறேன்.

எந்த மெசின், என்ன வகை, என்ன அலைநீளம், எதற்குப் பாவித்தது என்பதை பில்லிலேயே எழுதுங்கள். நீல விளக்குக்கு லேசர் காசு வாங்காதீர்கள். டயோட்டை வைத்துக்கொண்டு லேசர் ஃபில்லிங் என்று விளம்பரம் செய்வதை நிறுத்துங்கள்.

சம்மதப் படிவத்தை மூன்று மொழியிலும் வையுங்கள். ஃபில்லிங் கழன்றால் பொறுப்பில்லை என்ற வரியை நீக்குங்கள். அசிட் பூசாமல் செய்து கழன்றுபோனவற்றைக் காசு வாங்காமல் திரும்பச் செய்துகொடுங்கள். வேறு வைத்தியரிடம் போக விரும்புகிறவர்களுக்கு அறவிட்ட காசைத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் பல்லின் பிழை என்று சொல்லி அனுப்பியவர்களைக் கூப்பிட்டு, அப்படி இல்லை என்று சொல்லுங்கள். ரீச்சரை நான் அனுப்பத் தயார்.

லேசர் அறைக்குள் இருக்கும் ஒவ்வொருவருக்கும், உதவியாளருக்கும் கூட நிற்கும் தாய் தகப்பனுக்கும், அந்த அலைநீளத்துக்குரிய கண்ணாடி இல்லாமல் மெசினை ஓன் பண்ணக்கூடாது. வாசலில் எச்சரிக்கைப் பலகை வையுங்கள்.

நமது பல் வைத்தியர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். லேசரால் தயார்செய்த பல்லில் ஒட்டு ஃபில்லிங் செய்வதற்கு ஒரே ஒரு பக்கத்தில் ஒரு வழிகாட்டலை வெளியிடுங்கள். வாரஇறுதி வகுப்புகளுக்குச் சங்கத்தின் பெயரைக் கொடுக்கும் முன், மெசின் விற்பவரின் படங்களைத் தவிர வேறு எதைக் காட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் நிலையங்களைப் பதிவுசெய்யும் அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். வருடாந்தப் பதிவின்போது, லேசர் வைத்திருக்கிறீர்களா, என்ன வகை, யார் பயிற்சி பெற்றவர், கண்ணாடி எத்தனை என்ற நான்கு கேள்விகளைப் படிவத்தில் சேருங்கள்.

உங்களில் யாருக்காவது அசிட் இல்லாமல் செய்த ஃபில்லிங்குகள் நன்றாக நிற்கின்றன என்ற பதிவுகள் இருந்தால், மெசினின் அமைப்பும் பசையின் பெயரும் எத்தனை மாதம் கழித்துப் பார்த்தீர்கள் என்பதும் சேர்த்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். வாசித்துவிட்டு அதே இடத்தில் என் பெயரோடு பதில் எழுதுவேன். என்னிடம் கழன்று வந்தவற்றின் படங்களையும், நோயாளிகளின் அனுமதியோடு, அங்கே வைப்பேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் இருந்து ஒரு பல் வைத்தியர்